எஃப் பேண்டிலிருந்து ஈ பேண்டுக்கு: ஒரு லண்டன் வீட்டின் கவுன்சில் வரியைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 மார்ச் கடைசி, ஒரு சனிக்கிழமை. வடமேற்கு லண்டனில் ஒரு கோயில் மண்டபத்தின் பின் அறையில் நானும் இன்னும் இரண்டு பேரும் வாரம் ஒருமுறை இருப்போம். கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி அலுவலகத்துக்கு, போன் எடுத்துக் காத்திருப்பது, இவைதான் வேலை. அன்றைக்கு வந்தவர் அறுபத்தேழு வயது அம்மா ஒருவர். 1989-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இந்தக் குறிப்பில் அவரை அக்கா என்றே எழுதுகிறேன், அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அக்கா வரியை எதிர்க்க வரவில்லை. ஏப்ரலில் தொடங்கும் புதிய வருடத்துக்கான கவுன்சில் வரி பில் வந்திருந்தது: 2,412 பவுண்டு, பத்துத் தவணை. ஓய்வூதியத்தில் பத்துத் தவணை கட்டுவது சிரமமாக இருக்கிறது, பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்களா என்று கேட்க வந்தார். தருவார்கள், கேட்டால் கவுன்சில் மறுக்க முடியாது. அந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பில்லைக் கையில் வாங்கியபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. மேல் மூலையில் எஃப் பேண்ட் என்று இருந்தது, பேண்ட் என்பது வீட்டின் விலைக்கேற்ற வரிப் படிநிலை. கீழே கழிவுகள், அதாவது வரித் தள்ளுபடிகள், வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

வீடு 1930-களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி. ஒரு சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீட்டின் ஒரு பாதி. அக்காவும் கணவரும் 2001 ஆகஸ்டில் 187,000 பவுண்டுக்கு வாங்கியது. 2009-இல் மாடிக்கூரைக்குள் ஓர் அறை எடுத்தார்கள், லொஃப்ட் அறை. கணவர் 2014-இல் காலமானார். மகன் 2016 செப்டம்பரில் வேலைக்காக பர்மிங்ஹாம் போய் அங்கேயே வாடகைக்கு இருக்கிறார்.

"இவர் இருக்கும்வரைக்கும் கடுதாசி எல்லாம் அவர்தான் பாத்தவர். எனக்கு வாறதைக் கட்டத்தான் தெரியும், தம்பி" என்றார்.

வரி எப்படிப் போடப்படுகிறது

இதை விளக்காமல் மேலே போக முடியாது. இங்கிலாந்தில் கவுன்சில் வரி 1993 ஏப்ரல் 1-இல் வந்தது. அதற்கு முன் மூன்று வருடம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய போல் டாக்ஸ் பெரிய எதிர்ப்பில் விழுந்துபோனது. அந்த இடத்தில் அவசரமாகக் கொண்டுவந்த ஏற்பாடுதான் இது. ஒவ்வொரு வீட்டையும் 1991 ஏப்ரல் 1 அன்று திறந்த சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்த்து, ஏ முதல் எச் வரை எட்டுப் பேண்டுகளில் ஒன்றில் போட்டார்கள். 88,000-க்கு மேல் 120,000 வரை ஈ. 120,000-க்கு மேல் 160,000 வரை எஃப். இன்றைக்கு வீடு ஏழு லட்சம் போனாலும் சரி, கணக்கு அந்த 1991 விலைதான். வேல்ஸில் மட்டும் 2003 விலைக்கு மாற்றி 2005-இலிருந்து அமல்படுத்தினார்கள். இங்கிலாந்தில் மறுமதிப்பீடே நடக்கவில்லை.

அந்த முதல் மதிப்பீட்டுக்கு வீட்டுக்குள் யாரும் வரவில்லை. தனியார் எஸ்டேட் ஏஜென்டுகளையும் அமர்த்தி, தெருத்தெருவாகக் காரில் போய் வெளியிலிருந்து பார்த்தே பேண்ட் எழுதினார்கள். வண்டியை இரண்டாவது கியரிலிருந்து மாற்றாமல் போனதால் அதற்கு 'செகண்ட் கியர்' மதிப்பீடு என்றே பெயர். அப்படி எழுதியதில் பிழைகள் இருந்தன. கேட்காத வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

பேண்டுக்கு ஏற்ற வரி, டி பேண்டை ஒன்பது பங்காக வைத்துக் கணக்காகிறது. ஈ பேண்டுக்கு பதினொரு பங்கு, எஃப் பேண்டுக்கு பதின்மூன்று. ஆக ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் டி பேண்ட் வரியில் ஒன்பதில் இரண்டு பங்கு வித்தியாசம். அக்காவின் கவுன்சிலில் அந்த வருடம் அது ஏறக்குறைய 370 பவுண்டு.

பேண்டைத் தீர்மானிப்பது கவுன்சில் இல்லை. அது அரசின் மதிப்பீட்டு அலுவலகத்தின் வேலை. கவுன்சில் பில் அனுப்பி வாங்குகிறது, அவ்வளவுதான். ஆட்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். கவுன்சிலுக்கு மூன்று கடிதம் போட்டுக் களைத்துப்போய் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் எடுத்த முடிவு: கழிவு

பேண்டைத் தொடுவதற்கு முன் கழிவைக் கேட்பது என்று முடிவெடுத்தோம். அதில் ஆபத்து எதுவும் இல்லை. வீட்டில் கணக்கில் எடுக்கப்படும் பெரியவர் ஒருவர்தான் என்றால் வரியில் 25 சதவீதம் குறையும். அக்கா 2016 செப்டம்பரிலிருந்து தனியாக இருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மகன் விடுமுறைக்கு வந்து தங்குவதால் அவனும் கணக்கில் வருவான் என்று நினைத்திருக்கிறார். அவனுக்கு இது நிரந்தர வீடு இல்லை என்பதால் வரமாட்டான்.

மகனின் வாடகை ஒப்பந்தம், பர்மிங்ஹாமில் அவர் கட்டிய கவுன்சில் வரி பில்கள் இரண்டையும் சேர்த்து ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பினோம். மே நடுவில் பதில் வந்தது. 2016 செப்டம்பரிலிருந்து கழிவை ஏற்றுக்கொண்டு 1,432 பவுண்டு திரும்பத் தந்தார்கள், அந்த வருட பில்லும் குறைந்தது. அக்காவுக்கு அதுவே போதும் என்ற மனநிலை. பேண்டைப் பற்றிப் பேச எடுத்தபோது உடனே மறித்தார்.

"தம்பி, உதைக் கிண்டப்போய்க் கூட்டிவிட்டாங்கள் எண்டால்?"

இந்தப் பயம் நியாயமானது. பேண்டைப் பரிசீலிக்கச் சொன்னால் அவர்கள் குறைக்கலாம், அப்படியே விடலாம், கூட்டவும் செய்யலாம். அது மட்டுமா, உங்கள் வீட்டைப் பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டுக் காட்டும்போது, பிழை அந்த வீடுகளில்தான் என்று கண்டால் அவர்களின் பேண்டும் கூடலாம். அக்காவிடம் இதை மறைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்து வீட்டாருக்குக் கரைச்சல் வருமெண்டால் எனக்கு இந்தக் காசு வேண்டாம்."

அந்த வார்த்தைதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் எல்லை போட்டது. அக்கா வீட்டு பேண்ட் பிழை என்பது மட்டும் போதாது, தெருவில் மற்றவர்களின் பேண்ட் சரி என்பதும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தால் மட்டுமே விண்ணப்பிப்பது என்று பேசிக்கொண்டோம்.

அவதானித்தவை

எந்த வீடு எந்த பேண்ட் என்பது இணையத்தில் பொதுவாகவே கிடக்கிறது. தபால் குறியீட்டைக் கொடுத்தால் தெருவே வந்துவிடும். அக்கா வீட்டோடு ஒட்டிய மறுபாதி ஈ. எதிரே இருக்கும் மூன்று செமிகளும் ஈ. இரண்டு வீடு தள்ளி ஒன்று மட்டும் எஃப்.

அந்த எஃப் வீடு என்னை நிறுத்தியது. ஒருவேளை ஈ-தான் பிழையோ? கவுன்சிலின் கட்டிட அனுமதிப் பதிவுகளில் தேடினேன். அந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் இரண்டு மாடி நீட்டிக் கட்ட 1986-இல் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தாலே தெரிகிறது, பக்கத்துச் செங்கல்லின் நிறம் வேறு. 1991-க்கு முன்பே பெரிதாகிவிட்ட வீடு, எஃப் என்பது அதற்குப் பொருத்தம்தான். அக்கா வீட்டுக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை, 2009 லொஃப்ட் மட்டும்தான். காரில் போனவர் வீட்டு இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்பது என் ஊகம். காரணத்தை யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை.

அடுத்து அளவு. வீடு விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் எடுக்கிற எரிசக்திச் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் இருக்கின்றன, அதில் தரைப்பரப்பு எழுதியிருக்கும். எதிர் வீடுகளில் இரண்டுக்குக் கிடைத்தது: 87, 89 சதுர மீட்டர். அந்த எஃப் வீட்டுக்கு 118. அக்கா வீட்டுக்கு சான்றிதழ் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய் நாங்களே உள்ளளவு எடுத்தோம். லொஃப்டை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் 88.

மூன்றாவது, 1991 விலை. வீட்டுக் கடன் நிறுவனமான நேஷன்வைட்டின் வீட்டு விலைக் கணிப்பானில் 2001-இல் வாங்கிய 187,000-ஐப் போட்டு 1991-க்குப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. ஈ பேண்ட் 88,000-இல் தொடங்கி 120,000-இல் முடிகிறது, இது நடுவில் விழுகிறது. விளிம்பில் விழுந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்.

லொஃப்ட் பற்றி அக்காவுக்கு இன்னொரு பயம் இருந்தது. வீட்டுக்காரரே செய்கிற விரிவாக்கத்துக்காக அவர் இருக்கும்போது பேண்டைக் கூட்டுவதில்லை, வீடு விற்று வேறு கை போகும்போதுதான் பார்ப்பார்கள். ஆகவே லொஃப்டை மறைக்கத் தேவையில்லை, மறைப்பதும் சரியில்லை. விண்ணப்பத்திலேயே எழுதுவது என்று முடிவெடுத்தோம்.

முதல் விண்ணப்பமும் என் பிழையும்

சட்டப்படியான முறையீடு செய்ய அக்காவுக்கு உரிமை முடிந்துபோயிருந்தது. புதிதாக ஒரு வீட்டுக்கு வரி கட்டத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள்தான் அந்த உரிமை. அதில் மறுத்தால் மூன்று மாதத்துக்குள் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு பேண்டை மீளப் பாருங்கள் என்று கேட்கும் வழி மட்டும் உண்டு. கையில் நல்ல சான்று இருந்தால் பார்ப்பார்கள். அவர்கள் மறுத்தால் அதற்கு மேல் தீர்ப்பாயம் இல்லை. 2001 ஆகஸ்டில் வாங்கியவுடனே பார்த்திருந்தால் முழு உரிமையோடு போயிருக்கலாம். அப்போது அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

இந்த இடைவெளியில் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. பேண்டைக் குறைத்துத் தருவோம், கிடைக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்றார்களாம். பேண்ட் பரிசீலனைக்கு ஒரு பென்னிகூடச் செலவில்லை. நாங்களே செய்வோம் என்று சொன்னேன், அக்காவும் சம்மதித்தார்.

ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பம் அனுப்பினோம். அதை எழுதியது நான், பிழையும் என்னுடையதே. விலைக் கணிப்பானில் வந்த தொகையை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டேன். அதுதான் பலமான சான்று என்று நினைத்தேன். ஒப்பீட்டுக்கு தெருவில் ஈ பேண்டில் இருந்த பதினொரு வீடுகளின் இலக்கங்களை அடுக்கினேன், அதில் நாலு வீடுகள் தெரு முனையில் உள்ள வரிசை வீடுகள். வேறு மாதிரி, வேறு அளவு. அளவுகளைக் கஷ்டப்பட்டு எடுத்தும் விண்ணப்பத்தில் எழுதவில்லை. நிறையக் காட்டினால் நம்புவார்கள் என்று தோன்றியது.

ஜூலை கடைசியில் பதில் வந்தது. சராசரி விலைகளைக் கொண்டு கணிக்கும் கருவிகளைச் சான்றாக ஏற்பதில்லை. தந்த வீடுகள் இந்த வீட்டோடு ஒப்பிடத் தக்கவை என்று காட்டப்படவில்லை. பேண்ட் பிழை என்று கருத ஆதாரம் இல்லை. புதிய சான்று கிடைத்தால் திரும்ப அனுப்பலாம். ஒன்றரைப் பக்கக் கடிதம், மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். திரும்ப வாசித்தபோது அவர்கள் சொன்னது சரி என்று பட்டது. சராசரி விலை என்பது ஒரு பிரதேசத்தின் விலை. இந்தச் செங்கல்லுக்கும் இந்தக் கதவுக்கும் 1991-இல் என்ன விலை என்று அது சொல்லாது.

அவர்கள் தரும் வழிகாட்டலை நிதானமாக வாசித்தது அதற்குப் பிறகுதான். ஒரே அளவு, ஒரே அமைப்பு, ஒரே காலம் கொண்ட ஐந்து வீடுகள் வரை காட்டலாம். அல்லது 1989 ஏப்ரல் 1-க்கும் 1993 மார்ச் 31-க்கும் நடுவில் இந்த வீடோ இதுபோன்ற வீடோ உண்மையில் விற்ற விலையைக் காட்டலாம். இரண்டாவதுதான் கனமானது. நில உரிமைப் பதிவகம் பொதுவில் வைத்திருக்கும் விற்பனை விலைகளோ 1995-இலிருந்துதான் தொடங்குகின்றன. நமக்குத் தேவையான நாலு வருடங்கள் அதில் இல்லை.

பிஸ்கட் டின்

ஆகஸ்டில் ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அந்த மறுப்புக் கடிதத்தை விளக்குவதற்கு. பேச்சுவாக்கில் கேட்டேன், இந்தத் தெருவில் உங்களுக்கு முன்பிருந்தே இருப்பவர்கள் யார் என்று. அக்கா யோசிக்கவே இல்லை. "சுவருக்கு அங்கால இருக்கிற ஐயாதான். நாங்கள் வரேக்கையே அவர் பத்துப் பதினொரு வருஷமா இருந்தவர்."

குஜராத்திக் குடும்பம். ஐயாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. கென்யாவிலிருந்து வந்தவர்கள். அக்காவின் கன்சர்வேட்டரியில், வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறையில், தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலையில் ஒரு கொப்பு வாரத்துக்கு ஒருமுறை வேலிக்கு மேலால் அந்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து தேப்லா என்ற குஜராத்தி ரொட்டி வரும். பதினெட்டு வருடப் பழக்கம். இதில் வீட்டின் விலையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அன்று மாலையே அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் என்ன செய்யப் பார்க்கிறோம், ஏன் மறுத்தார்கள் என்று எல்லாம் சொன்னோம். பேண்ட் கூடும் வாய்ப்பும் உண்டு, அது அவருக்கும் வரலாம் என்பதையும் முதலிலேயே சொன்னேன். ஐயா எழும்பி மேலே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு நீல நிற பிஸ்கட் டின்னோடு இறங்கி வந்தார். உள்ளே பாஸ்போர்ட், பிறப்புச் சான்றுகள், பழைய ரசீதுகள். அடியில் வீடு வாங்கியபோது சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், அனுப்பிய கணக்குத் தாள் ஒன்று, தட்டச்சில் அடித்தது. மூலையில் குத்தியிருந்த ஸ்டேப்பிள் துருப்பிடித்துத் தாளில் காவி நிறம் ஊறியிருந்தது. 1990 ஜூன். வாங்கிய விலை 98,500 பவுண்டு.

அந்த எண்ணை வாசித்த பிறகுதான் தாளைக் கேட்டேன். 98,500 என்பது ஈ பேண்டுக்குள் வசதியாக உட்காருகிறது. அதனால் அவர் பேண்டுக்கு ஆபத்து இல்லை. 125,000 என்று இருந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு எழும்பியிருப்போம். அந்தத் தாள் அக்காவுக்கு உதவாதது மட்டுமில்லை, ஐயாவின் பேண்டையே அது கூட்டிவிட்டிருக்கும். இதையும் அவரிடம் சொன்னேன். பிரதி எடுத்து அனுப்பச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இரண்டாவது விண்ணப்பம்

செப்டம்பர் முதல் வாரம் அனுப்பினோம். இந்த முறை இரண்டு பக்கம் மட்டும். ஒட்டிய மறுபாதி 1990 ஜூனில் 98,500-க்கு விற்றதற்கான தாளின் பிரதி. இரண்டு பாதிகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே அமைப்பு என்று காட்டும் முன்பக்கப் படம். நாலு ஒப்பீட்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பேண்ட், படுக்கையறை எண்ணிக்கை, பரப்பு தெரிந்தால் பரப்பு. இரண்டு வீடு தள்ளி உள்ள எஃப் வீடு ஏன் எஃப் என்பதற்கு 1986 அனுமதிப் பதிவு. அதை நாங்களே எடுத்துச் சொன்னோம், அவர்கள் கேட்கும் முன். அக்கா வீட்டு லொஃப்ட் 2009-இல் எடுத்தது என்று ஒரு வரி. விலைக் கணிப்பான் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இவ்வளவு காலமும் அக்கா தவணையை நிறுத்தவில்லை. முடிவு வரும்வரை பழைய பில்லின்படியே கட்ட வேண்டும். பரிசீலனையில் இருக்கிறது என்று நிறுத்தினால் நினைவூட்டல் வரும், பிறகு நீதிமன்ற அழைப்பாணை வரும், அதன் செலவும் தலையில் விழும். வேறொரு குடும்பத்தில் இது நடந்ததைப் பார்த்திருந்தேன். அதனால் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

விளைவு

நவம்பர் நடுவில் கடிதம் வந்தது. பேண்ட் எஃப்-இலிருந்து ஈ-க்கு மாற்றப்பட்டது, 1993 ஏப்ரல் 1-இலிருந்து. அக்கா போனில் வாசித்துக் காட்டியபோது முதலில் திகதியைத்தான் கேட்டார். "தொண்ணூற்று மூண்டிலேயே நாங்கள் இந்த வீட்டில இல்லையே, தம்பி?" பட்டியலில் இருந்த பிழை முதல் நாளிலிருந்தே பிழை, அதனால் திருத்தமும் முதல் நாளிலிருந்து. யார் யார் எந்தெந்தக் காலத்துக்குக் கட்டினார்களோ அவரவர் பங்கு அவரவருக்கு. 2001-க்கு முந்தைய எட்டு வருடப் பணம் வீட்டை விற்றுப்போனவர்களுக்கு உரியது. அவர்கள் கவுன்சிலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அக்கா விடவில்லை. 2001-இல் வீடு விற்றுக் கொடுத்த சொலிசிட்டர் அலுவலகத்தின் முகவரியைத் தேடி எடுத்து, அவர்கள் மூலமாகப் பழைய வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் போடவைத்தார்.

பணம் தானாக வங்கிக்கு வரவில்லை. கவுன்சில் பதினெட்டு வருடத்துக்கும் திருத்திய பில்கள் அனுப்பியது. தடித்த உறை, ஒரு கட்டுத் தாள்கள். கடைசிப் பக்கத்தில் வரவு என்று 5,184 பவுண்டு. அதை வரும் வருடங்களுக்குக் கழித்துக்கொள்ள விடலாம், திரும்பவும் கேட்கலாம். திரும்பக் கேட்டோம். 2014 வரை பில் இருவர் பெயரிலும் இருந்ததால் கணவரின் இறப்புச் சான்றைக் கேட்டார்கள். அதை அனுப்பி மூன்று வாரத்தில், 2020 ஜனவரி தொடக்கத்தில், பணம் கணக்கில் வந்தது. கழிவில் வந்ததையும் சேர்த்தால் மொத்தம் 6,616 பவுண்டு.

தனியாக இருந்த வருடங்களுக்கு பேண்ட் வித்தியாசத்திலும் கால்வாசி கழித்தே தந்தார்கள். அது சரியான கணக்கு. அந்தக் காலத்துக்கு ஏற்கெனவே கழிவு கிடைத்துவிட்டதே. வட்டி கொடுக்கவில்லை. தெருவில் வேறு எந்த வீட்டின் பேண்டும் மாறவில்லை. சில மாதம் கழித்துப் பட்டியலைத் திரும்பப் பார்த்து இதை உறுதிசெய்துகொண்டோம், அக்கா கேட்டதால்.

இனி மாற்றிச் செய்வது

இப்போது எங்கள் அறைக்கு யார் கவுன்சில் வரி பில்லோடு வந்தாலும் முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பெரியவர்கள். துணை இறந்த வீடுகளில், பிள்ளைகள் போன வீடுகளில், இதை யாரும் கேட்பதில்லை. அக்கா இரண்டரை வருடம் கூடக் கட்டியது அப்படித்தான். இந்தக் கேள்விக்கு அரை நிமிடம் போதும்.

விலைக் கணிப்பானை இன்னும் பயன்படுத்துகிறேன், விண்ணப்பத்தில் போட இல்லை, நிறுத்துவதற்கு. அடுத்த வருடம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவர்கள் வீடு ஈ, பக்கத்து வீடு டி, கொதித்துப்போய் இருந்தார்கள். கணித்துப் பார்த்தால் அவர்கள் வீட்டின் 1991 விலை 95,000-ஐத் தாண்டியது. ஈ சரிதான், பக்கத்து வீடுதான் குறைவாக இருந்தது போலத் தெரிந்தது. விண்ணப்பித்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது, பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் அடி விழுந்திருக்கும். வேண்டாம் என்று சொன்னோம். முதலில் கோபம்தான். பிறகு புரிந்துகொண்டார்கள்.

ஒப்பீட்டு வீடுகளை இப்போது ஐந்துக்கு மேல் கொடுப்பதில்லை. இரண்டு சரியான வீடு இருந்தால் இரண்டோடு நிறுத்துகிறேன். ஒவ்வொன்றின் அளவையும் எழுதுகிறேன். எதிராகத் தெரியும் வீட்டை முதலில் நானே எடுத்துச் சொல்கிறேன்.

பெரிய மாற்றம் வரிசையில். முன்பு கணினியில் தொடங்கி, கடைசி வழியாகத்தான் அயலவரிடம் போனோம். இப்போது முதல் வாரத்திலேயே கேட்கச் சொல்கிறேன்: தெருவில் 1989-இலிருந்து 1993-க்குள் வீடு வாங்கியவர் யாராவது இருக்கிறார்களா? அவர்களிடம் பேசும்போதே அவர்களுக்கு வரக்கூடிய பாதிப்பையும் சொல்லிவிடுகிறோம். நம் விண்ணப்பத்தில் அவர்கள் வீட்டு இலக்கத்தை எழுதத்தான் போகிறோம். அது அவர்களுக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது. இதை அக்காவிடம் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் வயதாகிப் போகிறார்கள், வீடுகள் விற்கப்படுகின்றன, டின்கள் குப்பைக்குப் போகின்றன. அந்த ஐயாவும் மறு வருடம் மகளோடு லெஸ்டருக்குப் போய்விட்டார்.

புதிதாக வீடு வாங்கும் இளையவர்களுக்கு வேறு ஆலோசனை: சாவி கையில் வந்த மாதமே பேண்டைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முறையிட்டால் மறுத்தாலும் தீர்ப்பாயம் இருக்கிறது.

2020 மார்ச்சில் புதிய பில் வந்தது. அக்கா அதைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, "சரிதானே தம்பி, ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்டிருந்தார். டி பேண்ட் 1,737. ஒன்பதால் வகுத்துப் பதினொன்றால் பெருக்கினால் 2,123. அதில் கால்வாசி கழித்தால் 1,592 பவுண்டு 25 பென்ஸ். பில்லிலும் அதே தொகை, பன்னிரண்டு தவணையாக. சரி அக்கா, கட்டலாம் என்று பதில் போட்டேன்.